வண்டிக் கூரையில் கூடாரம்: வாங்கும் முன் குடும்பத் தலைவர் பார்க்க வேண்டியவை

 

நவம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்தில் வசிக்கும் நம் குடும்பங்களில் பேச்சே மாறிவிடுகிறது. வெயில் தணிந்து இரவில் குளிர் இறங்கும். வார விடுமுறையில் அல் குத்ரா, ஹத்தா, மலீஹா, லிவா, ஃபுஜைரா கடற்கரை என்று புறப்பட்டு, இரவு அங்கேயே தங்கித் திரும்பும் பழக்கம் நம்மவர்களிடமும் வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். வாரம் முழுவதும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடிக் களைத்த பிள்ளைகள் திறந்த வானத்தையும் நட்சத்திரங்களையும் பார்க்கிறார்கள். படைத்தவனின் வல்லமையைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

கூடாரம் நமக்குப் புதிதும் அல்ல. கால்நடைகளின் தோல்களிலிருந்து, பயணத்திலும் தங்குமிடத்திலும் இலேசாகச் சுமந்து செல்லத்தக்க வீடுகளை மனிதனுக்குத் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-வது வசனத்தில் நினைவூட்டுகிறான். அந்த வசனம் குறிப்பிடும் இலேசான தன்மைதான் இன்றைக்கும் கூடாரத்தின் முதல் இலக்கணம். இந்தக் கட்டுரையில் அதைப் பலமுறை நினைவுபடுத்துவோம்.

சில ஆண்டுகளாக, வண்டியின் கூரையில் பொருத்தும் ‘ஹார்டு ஷெல்’ கூடாரங்களைப் பற்றி நம்மிடம் கேட்கும் சகோதரர்கள் கூடிவிட்டார்கள். மேலேயும் கீழேயும் கெட்டியான ஓடு, நடுவில் துணிச் சுவர், உள்ளே நிரந்தரமாக ஒரு மெத்தை, ஏற ஓர் ஏணி. பூட்டைத் திறந்து தள்ளினால் இரண்டொரு நிமிடத்தில் படுக்கை தயார். தேளும் மணலும் தரையோடு நின்றுவிடும். இதன் வசதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலை ஆயிரக்கணக்கான திர்ஹம்கள். அதைவிட முக்கியம், அதில் படுக்கப் போவது நம் மனைவி மக்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி

நம் ஊர்களில் கோடைக்காலத்தில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் நாம். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று உம்மா பார்த்த பிறகுதான் பிள்ளைகளை மேலே விடுவார். அதற்கு மார்க்கத்தில் அடிப்படை உண்டு. தடுப்பு இல்லாத மாடியில் இரவு உறங்குபவர் தன் பாதுகாப்பைத் தானே இழந்துவிடுகிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது.

கூரைக் கூடாரமும் ஒரு மாடிதான். நான்கு சக்கரங்களின் மேல் நிற்கும் மாடி. அதன் தளம் தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டிலுள்ள இரண்டடுக்குக் கட்டிலின் மேல் தட்டைவிடவும் உயரம். அந்த மேல் தட்டிலேயே 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள் என்பது கட்டில் தயாரிப்பவர்களின் பொதுவான எச்சரிக்கை. கூடாரத்தில் நமக்கும் தரைக்கும் நடுவே இருப்பது துணியும் ஜிப்பும் மட்டுமே.

ஆகவே கடையில் போய் முதலில் கேட்க வேண்டியது நிறமும் விலையும் அல்ல. என் வண்டி இதைத் தாங்குமா? என் குடும்பம் இதில் அடங்குமா? இரவில் அவசரம் என்றால் இறங்க முடியுமா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று வந்த பிறகுதான் மற்றவை.

முதல் கேள்வி: வண்டி தாங்குமா?

பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. பெரிய வண்டி, இதைத் தாங்காதா என்று நினைத்துவிடுகிறார்கள். வண்டியின் இழுவைச் சக்திக்கும் கூரையின் தாங்கும் சக்திக்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஓடும்போது கூரையில் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை என்று ஓர் அளவு உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். சாதாரணக் குடும்ப வண்டிகளில் அது 50 முதல் 100 கிலோ வரைதான். சிறிய ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் வெறும் 30 கிலோ. இரண்டு பேருக்கான ஹார்டு ஷெல் கூடாரங்களோ பெரும்பாலும் 55 முதல் 90 கிலோ வரை எடையுள்ளவை.

கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். உங்கள் வண்டிக் கூரையின் வரம்பு 80 கிலோ. கூடாரத்தைத் தாங்க இரண்டு குறுக்குக் கம்பிகள் போடுகிறீர்கள். அவற்றின் எடை 6 கிலோ. கம்பிகளின் எடையும் கூரையின் மேல் ஏறும் சுமைதான். ஆகவே கூடாரத்துக்கு மிஞ்சுவது 74 கிலோ. அந்தக் கம்பிகளுக்கென்று தயாரிப்பாளர் தந்த வரம்பு 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. அதாவது 74. கூடாரம் 68 கிலோ, உள்ளே மடித்து வைக்கும் போர்வை, தலையணை 5 கிலோ. மொத்தம் 73. தார்ச் சாலையில் இது மயிரிழையில் தேறுகிறது.

அதே கூடாரத்துக்குக் கம்பிகளுக்குப் பதிலாக 25 கிலோ எடையுள்ள தட்டு வடிவக் கேரியரைப் போட்டால்? 25, 68, 5 சேர்ந்து 98. வரம்பைத் தாண்டி 18 கிலோ.

இன்னொன்றும் உண்டு. நாம் போவது தார்ச் சாலை மட்டுமல்ல. கல்லும் மணலுமான தடங்களில் வண்டி குதிக்கும்போது கூரையில் விழும் அடி பன்மடங்கு. ஆகவே கேரியர் நிறுவனங்கள் சில, மேடு பள்ளத் தடங்களில் தங்கள் வரம்பை 1.5-ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்கின்றன. 75 கிலோ என்பது அங்கே 50 கிலோ ஆகிவிடும். சாலையில் தேறிய 73 கிலோ, வாடித் தடத்தில் தேறாது. பாலைவனத்துக்குள் போவதற்காகவே கூடாரம் வாங்குபவர் இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

“ஓடும்போது 80 கிலோதான் என்றால், இரவில் நாங்கள் மூன்று பேர் ஏறிப் படுக்கிறோமே, கூரை நொறுங்காதா?” என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓடும் வண்டியில் குலுக்கல், வளைவு, திடீர் பிரேக் எல்லாம் சுமையோடு சேர்கின்றன. நிற்கும் வண்டியில் சுமை அசையாமல் பரவலாக இறங்குகிறது. ஆகவே நிற்கும்போது கூரை தாங்கும் அளவு, ஓடும்போது தாங்கும் அளவைவிடப் பல மடங்கு கூடுதல். கம்பிகளும் கூடாரமும் போர்வைகளும் 79 கிலோ, தந்தை 80, தாய் 65, பிள்ளை 20 என்றால் 244 கிலோ வருகிறது. இந்த எடைக்கு உங்கள் வண்டியும் கம்பிகளும் ஏற்றவையா என்று வண்டி முகவரிடமும் கம்பி விற்பவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘எல்லாரும் போடுகிறார்கள் பாய்’ என்பது பதில் அல்ல.

கூரைக் கணக்கோடு வண்டியின் மொத்தக் கணக்கையும் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ வண்டியின் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். ஆட்கள், தண்ணீர் கேன்கள், ஐஸ் பெட்டி, அடுப்பு, கூரையிலுள்ள கூடாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தண்ணீர் மட்டுமே 60 லிட்டர் என்றால் 60 கிலோ.

உயரத்தில் ஏறிய எடை வண்டியின் நிலைத்தன்மையைக் குறைக்கும். வளைவில் வண்டி முன்னைவிட அதிகம் சாயும், பக்கக் காற்றில் அலையும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் எடுக்கும். மணல் மேட்டின் சரிவில் குறுக்காக ஏறி விளையாடும் வழக்கம் உள்ளவர்கள், கூடாரம் கூரையில் இருக்கும்போது அதை அறவே விட்டுவிட வேண்டும். வண்டி கவிழ அதுவே போதும்.

இரண்டாவது கேள்வி: குடும்பம் அடங்குமா?

ஹார்டு ஷெல் கூடாரங்களில் மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன.

முதல் வகை, சிப்பி போல ஒரு பக்கம் மட்டும் திறப்பது. தலைப் பக்கம் உயர்ந்தும் கால் பக்கம் தாழ்ந்தும் ஆப்பு வடிவில் நிற்கும். திறப்பதும் மூடுவதும் மிகச் சுலபம். மூடினால் மெலிதாக இருக்கும். தாழ்ந்த பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வண்டியை நிறுத்தினால் காற்று மேலேறிப் போய்விடும். குறை என்னவென்றால் கால்மாட்டில் இடமே இருக்காது.

இரண்டாம் வகை, மேல் ஓடு நான்கு மூலைகளிலும் சமமாக உயர்ந்து பெட்டி போல நிற்பது. இத்தாலியில் 1958-லேயே தொடங்கிய பழைய வடிவம் இதுதான். உள்ளே எல்லாப் பக்கமும் ஒரே உயரம், பொதுவாக ஒரு மீட்டரை ஒட்டி. காற்றோட்டத்துக்கு நல்லது.

இந்த இரு வகைகளிலும் அகலம் வண்டிக் கூரையின் அகலம்தான். பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மீட்டர். இரண்டு பெரியவர்கள், நடுவில் ஒரு கைக்குழந்தை. அவ்வளவே. ‘மூன்று பேருக்கு’ என்று எழுதியிருந்தாலும் அளவுநாடாவைக் கொண்டு நீங்களே அளந்து பாருங்கள்.

மூன்றாம் வகை, புத்தகம் போல விரிவது. ஓட்டின் ஒரு பாதி கூரையிலும் மறு பாதி வண்டிக்கு வெளியே ஏணியின் மேலும் நிற்கும். அகலம் இரண்டு மீட்டரை ஒட்டி வருவதால் பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் படுக்கலாம். ஆனால் எடையும் விலையும் கூடுதல். விரிக்க நேரமும் இடமும் அதிகம் வேண்டும். ஏணி ஊன்றும் மணல் இறுகியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஒரு பலகை வைக்க வேண்டும்.

இப்போது நம் குடும்பங்களைப் பார்ப்போம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். ஊரிலிருந்து விசிட்டில் வந்திருக்கும் வாப்பா, உம்மா. இவர்கள் எல்லாரும் எந்தக் கூரைக் கூடாரத்திலும் அடங்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆனதும் அவர்களின் படுக்கைகளைப் பிரிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். பயணம் என்பதற்காக அது தளர்ந்துவிடாது. பன்னிரண்டு வயது மகனையும் பத்து வயது மகளையும் 1.3 மீட்டர் மெத்தையில் பெற்றோரோடு நெருக்கிப் படுக்க வைப்பது உறக்கத்துக்கும் உதவாது, ஒழுக்கத்துக்கும் பொருந்தாது.

நம் ஆலோசனை இதுதான். நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பம் பெரிய கூரைக் கூடாரத்தைத் தேடி அலைய வேண்டாம். தரையில் அடிக்கும் நல்ல கூடாரம் ஒன்றை வாங்குங்கள். நிமிர்ந்து நிற்கும் உயரமும் நடுவில் தடுப்புத் திரையும் உள்ளதாகப் பாருங்கள். எடை வண்டிக்குள் போகும், விலை ஒரு பங்குதான், முதியவர்களுக்கு ஏணித் தொல்லை இல்லை. கூரைக் கூடாரம் வேண்டும் என்றே இருந்தால் சிறியதாக ஒன்றை எடுத்து, மற்றவர்களுக்குத் தரைக் கூடாரத்தைத் துணையாக வையுங்கள்.

மூட்டுவலி உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயால் இரவில் பலமுறை எழுபவர்கள் ஆகியோருக்கு ஏணி ஒத்துவராது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், இரண்டு மீட்டர் ஏணியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கீழே படுக்க வைப்பதே மரியாதை.

பெண்களின் பர்தாவுக்கும் கவனிக்க வேண்டியது உண்டு. உள்ளே விளக்கு எரிந்தால், மெல்லிய துணிச் சுவரில் உள்ளே இருப்பவர்களின் நிழல் வெளியே தெரியும். கடையில் கூடாரத்துக்குள் ஒரு கைவிளக்கை ஏற்றி, வெளியே நின்று பார்த்துவிடுங்கள். கெட்டித் துணியும் அடர் நிறமும் இருந்தால் நல்லது. கூடாரத்தின் அடியில் தொங்கவிடும் அறைத் திரை தனியாகக் கிடைக்கும். உடை மாற்றவும் உளூ செய்யவும் அது மிக உதவும். மெத்தையின் தரத்தைவிட இந்தத் திரை உங்கள் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி தரும்.

மூன்றாவது கேள்வி: இறங்க முடியுமா?

ஏணி உறுதியாக மாட்டப்பட்டு, சற்றே சாய்வாக நிற்க வேண்டும். செங்குத்தாக நின்றால் பின்னால் சாயும், அதிகம் படுத்தால் வழுக்கும். படிகள் வெறுங்காலுக்கு வலிக்காத அகலமாக இருக்கட்டும். வாசல் ஒன்றுக்கு மேல் இருப்பது நல்லது. ஒரு பக்கம் தீயோ வேறு ஆபத்தோ வந்தால் மறுபக்கம் வெளியேறலாம். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஜிப் எளிதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். சிறு பிள்ளையை வாசல் ஓரம் படுக்க வைக்காதீர்கள். பெற்றோர் இருவருக்கும் நடுவில்தான் அதன் இடம். எல்லாரும் ஏறியதும் ஜிப் இழுப்பானைப் பிள்ளையின் கை எட்டாத உச்சியில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

இறங்க வேண்டிய இன்னொரு காரணம் தொழுகை. கூடாரத்துக்குள் பெரியவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாது. நிற்க இயலும் ஒருவருக்கு ஃபர்ளான தொழுகையில் நிற்பது கட்டாயக் கடமை. “கூடாரம் தாழ்வாக இருந்தது, உட்கார்ந்தே தொழுதுவிட்டோம்” என்பது செல்லாது. குளிராக இருந்தாலும் ஃபஜ்ருக்கு இறங்கித்தான் தொழ வேண்டும். வண்டியை நிறுத்தும்போதே கிப்லா திசையைப் பார்த்து, பாய் விரிக்க ஒரு சமதளத்தை ஒதுக்கிவிடுங்கள். இரவில் தேடி அலைய வேண்டாம். உளூவுக்கான தண்ணீரைக் குடிநீரோடு சேர்க்காமல் தனிக் கேனில் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்ரு, ஜம்உ சட்டங்களில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. போகும் தூரத்தைச் சொல்லி உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடும் துணியும்

ஓடு மூன்று பொருள்களில் வருகிறது. ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் வளைகுடா வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்றால் நிறம் மங்கி, நொறுங்கும் தன்மை வரும். வெயிலைத் தாங்கும் மேற்பூச்சு உண்டா என்று கேளுங்கள். ஃபைபர் கிளாஸ் உறுதியானது, விரிசல் விட்டால் பழுது பார்க்கலாம், ஆனால் கனம். அலுமினியம் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும். மேலே வேறு சாமான் கட்டவும் சில மாடல்களில் வசதி உண்டு. ஆனால் உலோகம் சூட்டையும் குளிரையும் உடனே கடத்தும். உட்புறம் வெப்பத்தடுப்பு அட்டை இல்லாத அலுமினிய ஓட்டில், குளிர்கால இரவில் நம் மூச்சுக்காற்றே நீர்த்துளிகளாகி முகத்தில் சொட்டும்.

அந்த ஈரம் எல்லாக் கூடாரங்களிலும் வரக்கூடியதே. அமீரகப் பாலைவனத்தில் குளிர்காலப் பனி எவ்வளவு என்பதை அதிகாலையில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தவர்கள் அறிவார்கள். பருத்தி கலந்த கெட்டித் துணி ஓரளவு மூச்சுவிடும். முழுப் பாலியெஸ்டர் இலேசானது, சீக்கிரம் காயும், ஆனால் உள்ளே ஈரம் அதிகம் தங்கும். எதுவானாலும் எதிரெதிரே இரண்டு சன்னல்களைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலைப்பாய் ஒன்று விரித்தால் மெத்தை பூசணம் பிடிக்காது. கொசு வலை மிக நுண்ணியதாக இருக்கட்டும். பருத்திக் கலப்புத் துணியைப் பயணத்துக்கு முன் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும்.

மேல் ஓட்டைத் தூக்கும் வாயுத் தண்டுகள் காலப்போக்கில் வலுவிழக்கும். அவை தனியாகக் கிடைக்குமா, ஜிப்பும் பூட்டும் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். உதிரிபாகம் கிடைக்காத கூடாரம் எவ்வளவு மலிவானாலும் விலை அதிகம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம்மில் பெரும்பாலோர் ஃபிளாட்டுகளில் வசிப்பவர்கள். கூடாரத்தை இறக்கினால் இரண்டு மீட்டர் நீளப் பெட்டியை எங்கே வைப்பீர்கள்? இறக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். இறக்காமல் ஆண்டு முழுவதும் சுமந்தால் காற்றுத் தடையால் பெட்ரோல் செலவு கூடும், ஜூலை வெயில் துணியையும் ஓட்டையும் தின்னும். உயரத்தையும் பாருங்கள். வண்டி 1.85 மீட்டர், கம்பி 10 செ.மீ., கூடாரம் 25 செ.மீ. என்றால் 2.20 மீட்டர். உங்கள் கட்டடத்தின் அடித்தள வாசலில் 2.10 என்று பலகை தொங்கினால், வாங்கிய முதல் நாளே கூடாரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் மோதல்தான்.

ஈரத்தோடு மூடிக் கொண்டுவந்தால் ஓரிரு நாட்களுக்குள் திறந்து காயவைக்க வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொருத்திய போல்ட்டுகளை முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இறுக்கிச் சரிபாருங்கள். வண்டி காப்பீட்டில் இந்தச் சேர்க்கைக்கு இடம் உண்டா, ஆண்டுப் பரிசோதனையில் தடை வருமா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

தீ, புகை, வெள்ளம்

எவ்வளவு நல்ல கூடாரமும் மூன்று தவறுகளிலிருந்து நம்மைக் காக்காது.

முதலாவது, கூடாரத்துக்குள் கரி அடுப்பு. குளிருக்காகக் கனன்றுகொண்டிருக்கும் கரியை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துவிடுவார். சன்னல் சற்றுத் திறந்திருப்பதும் போதாது. பஹூர் புகைக்கும் கரிக்கும் இதே சட்டம்தான். கீழே வண்டி எஞ்சினை ஓடவிட்டு மேலே உறங்குவதும் இதே ஆபத்து. மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றியபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. குளிருக்குக் கனத்த போர்வையும் உறக்கப் பையும் போதும். சமையல் நெருப்பு, கூடாரத்திலிருந்து பல மீட்டர் தள்ளி, காற்று எதிர்த்திசையில் போகும் இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, வாடியின் வறண்ட படுகையில் தங்குவது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். தொலைவில் மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வந்துவிடும். ‘நாம் வண்டிக்கு மேலே இருக்கிறோம், பயமில்லை’ என்ற எண்ணம் கூரைக் கூடாரத்துக்கே உரிய ஏமாற்று. வேகமாக ஓடும் நீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே பல கார்களை நகர்த்தும். 60 செ.மீ. இருந்தால் பெரிய ஜீப்புகளையும் அடித்துச் செல்லும். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையை அமீரகத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழைக் காலத்தில் வாடிகள், அணைகள் அருகே கூடுவோருக்கு 1,000 திர்ஹமும், வெள்ளம் ஓடும் வாடிக்குள் நுழைவோருக்கு 2,000 திர்ஹமும் 60 நாள் வண்டிப் பறிமுதலும் என்று 2023-ல் அரசு விதித்தது. அபராதத்துக்குப் பயந்து அல்ல, அமானிதத்தை நினைத்து விலகுவோம்.

மூன்றாவது, பாதையிலேயே வண்டியை நிறுத்தி உறங்குவது. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகுங்கள், அது உயிரினங்கள் நடமாடும் வழி என்ற கருத்தில் முஸ்லிம் நூலில் நபிமொழி உள்ளது. இன்று அந்த வழியில் இரவு நேர ஜீப்புகளும் மணல் பைக்குகளும் வருகின்றன. மணல் மேட்டின் மறுபக்கம் நிற்கும் வண்டி, ஏறி வருபவரின் கண்ணுக்குத் தெரியாது. அனுமதிக்கப்பட்ட இடத்தில், தடத்தைவிட்டு விலகி, சமதளத்தில் நிறுத்துங்கள்.

கடனும் பெருமையும்

கடைசியாக ஒன்று. அண்டை வீட்டார் வாங்கிவிட்டார் என்பதற்காக, வட்டித் தவணையில் கூடாரம் வாங்குவது கூடாது. ஆண்டில் இரண்டு இரவுக்காகப் பல ஆயிரம் திர்ஹம் முடக்குவது வீண்விரயமாகுமா என்று ஒவ்வொருவரும் தம் வரவு செலவைப் பார்த்து முடிவு செய்யட்டும். வாடகைக்குக் கிடைத்தால் ஒருமுறை எடுத்து, குடும்பத்தோடு ஓரிரவு உறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் கடையில் திறந்து வைக்கச் சொல்லி, மனைவி மக்களோடு ஏறி, அரைமணி நேரம் படுத்து எழுந்து இறங்குங்கள். கையேட்டிலுள்ள எடை வரம்பு, கூடாரத்தின் எடை, கம்பிகளின் எடை, வாகன நிறுத்தத்தின் உயரம் ஆகிய நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எண்கள் ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் திரும்பி வாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. இன்று ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் போல்ட்டை இறுக்குவதும், எடையைக் கூட்டிப் பார்ப்பதும், ஜிப்பை உச்சிக்கு இழுத்துவிடுவதும்தான். ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம். அதைச் செய்து முடித்தபின், ஓர் இடத்தில் இறங்கும்போது ஓதும் துஆவைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து ஓத வைத்து, நிம்மதியாக உறங்குங்கள்.

நம் பயணங்களையும் தங்கல்களையும் பாதுகாப்பானவையாகவும், அவனை நினைவுகூரச் செய்பவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.